பூண்டைப் பொறுக்கி எடுத்தாலும் வயிறு உப்புவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. சின்ன வெங்காய சாம்பார், பூண்டு ரசம் சாப்பிட்ட அன்று மாலைக்குள் வயிறு உப்பி வலிக்கிறது. எண்டோஸ்கோபியில் குறை எதுவும் இல்லை. பூண்டு, வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுகிறேன்; அப்படியும் குறையவில்லை. வாயுவுக்குப் பூண்டுப்பால் நல்லது என்கிறார் மாமியார். குடிக்கலாமா?

பதில்: பூண்டுப்பாலை இப்போதைக்கு நிறுத்துங்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகை இருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதருக்கே கிடையாது. செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாவால் புளித்து வாயுவாகிறது. எல்லோருக்கும் வருகிற வாயுதான். ஐபிஎஸ் (IBS) எனும் எளிதில் உணர்ச்சிவசப்படும் குடல் கோளாறு உள்ளவர்களின் குடலுக்கு அந்த உப்பலே வலி. உங்களுக்கும் அதுவாக இருக்கலாம்.

ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும். ரசம் கொதித்தபோதே அது சாற்றில் இறங்கிவிட்டது. பிறகு பல்லை ஒதுக்கி என்ன பயன்? ஆனால் எண்ணெயில் அது கரையாது, வாசனை மட்டும் இறங்கும். ஆகவே 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் 6 பல் பூண்டை முழுதாகப் போட்டு, சிறுதீயில் பொன்னிறமாக்கி, ஒரு துண்டு விடாமல் எடுத்துவிடுங்கள். புளிக்கரைசல் ஊற்றுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்வதே நல்லது. பூண்டு ஊறிய எண்ணெயை வெளியில் வைத்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் போட்டுலினம் கிருமி நஞ்சை உண்டாக்கலாம். வாசனையில் அது தெரியாது.

வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைச் சேர்க்கலாம், அடியிலுள்ள வெள்ளைக் குமிழ் வேண்டாம். பெருங்காயமும் கைகொடுக்கும். கடைத் தூளில் கோதுமை மாவு கலப்பதுண்டு. ஒரு சிட்டிகையில் அது அற்பம், கோதுமையின் குளூட்டன் புரதமே ஆகாத சீலியாக் நோயாளிகள்தான் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் சாம்பாரில் உப்பினால் பருப்பின் மீதும் சந்தேகப்படுங்கள்.

நான்கு வாரம் இப்படிச் சாப்பிட்டுத் தேறினால், பூண்டைத் தனியாகச் சோதியுங்கள்: முதல் நாள் கால் பல், அடுத்த நாள் அரை, மூன்றாம் நாள் ஒன்று. எந்த அளவில் வலிக்கிறதோ அதற்குக் கீழே உங்கள் எல்லை. சில நாள் இடைவெளி விட்டு வெங்காயத்தையும் அதேபோல் பாருங்கள். பலருக்கு ஒன்று ஒத்துக்கொள்ளும், மற்றது ஒத்துக்கொள்ளாது. ஆயுள் முழுக்க இரண்டையும் விலக்கத் தேவையில்லை, அவை நல்ல குடல் பாக்டீரியாவுக்கு உணவும்கூட.

எடை குறைவு, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் சமையலை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் குடல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.