பறவை போன நாளை எப்படிக் குறிப்பது?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட வசிக்கிறேன். காலையில் குளக்கட்டில் நடப்பது வழக்கம். மாரி முடிந்ததும் குளம் நிறையப் பறவைகள் நிற்கும். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். எது எந்த நாளில் புறப்படுகிறது என்று எழுதிவைக்க ஆசை. அயலில் நாலைந்து பள்ளிப் பிள்ளைகளும் கூட வருகிறார்கள். என்னிடம் பெரிய கமரா இல்லை, ஆங்கிலப் பெயர்களும் தெரியாது. எப்படித் தொடங்குவது? எழுதியதை யாரிடம் கொடுப்பது?

பதில்:

ரீச்சர், கமரா இல்லாததும் ஆங்கிலப் பெயர் தெரியாததும் ஒரு குறையே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பறவை வந்த நாளைக் குறிப்பது சுகம். ஒரு தடவை கண்ணில் பட்டால் போதும். போன நாள் அப்படியில்லை. எந்தப் பறவையும் சொல்லிக்கொண்டு போவதில்லை. நேற்று நின்றது, இன்று காணோம், நாளை மறுநாள் பார்த்தால் அதே மரத்தில் நிற்கும். இன்று கண்டதுதான் கடைசி என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. அதன் பிறகு பத்து நாள் போய், பத்து நாளும் 'இல்லை' என்று எழுதியிருந்தால்தான் அந்தக் கடைசி நாளுக்கே மதிப்பு வரும். ஆகவே இந்த வேலையில் பாதி, இல்லாததை எழுதப் பழகுவது.

வடக்கு நாடுகளில் வசந்தம் என்றால் பறவைகள் வந்து சேரும் காலம். நமக்கு அது வழியனுப்பும் காலம். பறவைகள் ஆண்டுதோறும் போய்வரும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்கோடியில் இலங்கை கிடக்கிறது. பெரும்பாலும் ஓகஸ்ட், செப்டெம்பரில் வரத் தொடங்கும் பறவைகள் மார்ச், ஏப்ரலில் திரும்புகின்றன. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் செய்மதிக் கருவி பூட்டிவிட்ட கடற்காகங்கள் ரஷ்யாவின் ஆர்க்டிக் கரை வரை போயிருக்கின்றன. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான். தெற்கே மாரி கழித்த பறவைகளிலும் ஒரு பகுதி வன்னியையும் மன்னாரையும் தாண்டித்தான் வடக்கே போகும். ஆனால் போர் நடந்த ஆண்டுகளில் இந்தப் பக்கம் தொடர்ச்சியாகக் கணக்கெடுக்க வழியிருக்கவில்லை. தெற்கில் ஒரு குளத்துக்குப் பல பத்தாண்டுக் குறிப்பு இருக்கும். வன்னிக் குளங்கள் பலவற்றுக்கு ஒரு கொப்பிகூட இராது. அதனால்தான் உங்கள் கடிதத்தைக் கண்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் ஒரு சின்ன எச்சரிக்கை. திகதியைப் பங்குனி, சித்திரை என்று எழுதவேண்டாம். நம்மில் பலர் மார்ச்சைத்தான் பங்குனி என்கிறோம். பஞ்சாங்கம் பார்க்கிறவருக்குப் பங்குனி மார்ச் நடுப்பகுதியில்தான் பிறக்கும். பங்குனி 20 என்று எழுதினால் ஒருவர் மார்ச் 20 என்று எடுப்பார், இன்னொருவர் ஏப்ரல் தொடக்கம் என்று எடுப்பார். பறவை புறப்படும் கணக்கில் இரண்டு கிழமை பெரிய பிழை. ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் ஒவ்வொரு பக்கத்திலும் முழுதாக எழுதுங்கள்.

அப்புறம், எந்தப் பறவை? கண்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆனால் புறப்படும் நாளைத் துரத்துவதற்கு நாலைந்து போதும். நான் என்றால் பழுப்புக் கீச்சானில் தொடங்குவேன். புலுனியை விடச் சற்றுச் சிறிது, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி, திருடன் முகமூடி போட்ட மாதிரி. வந்த நாளிலிருந்து ஒரே வேலி, ஒரே கம்பி, ஒரே கிளை என்று தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்து, வேறு கீச்சான் வந்தால் 'கீச் கீச்' என்று சண்டைக்குப் போகும். என் வளவுக் கிளுவை வேலியில் ஒன்று மாரி முழுக்க நிற்கும். மூன்றாவது கதிகாலில் (வேலித் தடியில்) இருந்து எட்டிப் பார்த்து, வெட்டுக்கிளியைப் பிடித்து, திரும்பவும் மூன்றாவது கதிகாலுக்கே வரும். ஏப்ரலில் ஒரு காலை அந்தக் கதிகால் வெறுமையாக இருக்கும். இடம் மாறாத பறவை என்பதால் இதன் 'இல்லை' நம்பத்தக்க இல்லை. உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கீச்சானைப் பொறுப்புக் கொடுங்கள். பள்ளிக்குப் போகிற வழியில் ஒரு பார்வை பார்த்து, நின்றதா இல்லையா என்று எழுதட்டும்.

ஆறுமணிக் குருவியைக் காதால் பதியலாம். விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் கூவும், அதனால்தான் அந்தப் பெயர். வட இந்தியாவில், இமயமலை அடிவாரம் வரை போய்க் கூடு கட்டுவது. காணக் கிடைப்பது அரிது. சத்தம் கேட்டதா இல்லையா என்று எழுதினாலே போதும். தகைவிலான் மின்கம்பியில் வரிசையாக இருக்கும், கழுத்தடி செங்கல் நிறம், வயிறு வெளிறியது. வயிறு முழுக்கச் செம்பழுப்பாக இருந்தால் அது நம்மூர்த் தகைவிலான், எங்கும் போகாது. வாத்துகளில் ஊசிவால் வாத்து நல்லது. ஆணின் நீண்ட வாலும் வெள்ளைக் கழுத்தும் தூரத்திலேயே தெரியும்.

நீலவால் பஞ்சுருட்டானை மட்டும் முதல் வருடம் விட்டுவிடுங்கள். அழகான பறவைதான், கூட்டமாகப் போவதும் தெரியும். ஆனால் சில இங்கேயே மண்மேட்டில் பொந்து தோண்டிக் குஞ்சு பொரிக்கின்றன. 'போய்விட்டது' என்று எழுதிய பிறகு ஜூனில் வந்து நின்று உங்களைக் கேலி செய்யும். நெடுங்கால் உள்ளானும் அப்படித்தான். சேற்றில் இரை தேடும் உள்ளான் என்றாலே வெளிநாட்டுப் பறவை என்று பலர் நினைக்கிறார்கள். இது இங்கே கூடு கட்டுவது. கூழைக்கடா, நீர்க்காகம், மஞ்சள் மூக்கு நாரை, ஆட்காட்டி எல்லாம் உள்ளூர்க்காரர்.

இனி, வன்னிக்கே உரிய ஒரு சிக்கல். ஊசிவால் வாத்து ஒரு நாள் ஆயிரக்கணக்கில் நிற்கிறது, அடுத்த கிழமை ஒன்றும் இல்லை. சைபீரியாவுக்கா போயிற்று? அனேகமாக இல்லை. தண்ணீர் வற்றியோ, சனம் கலைத்தோ, பக்கத்துக் குளத்துக்கு, கட்டுக்கரைக்குளத்துக்கு, சுண்டிக்குளம் களப்புக்கு, வங்காலைக்குப் போயிருக்கும். தலைகீழாகவும் நடக்கும். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து அலைகரையில் (குளத்தின் தண்ணீர் ஓரத்தில்) சேறு தெரியத் தொடங்கினால் உள்ளான்கள் திடீரென்று பெருகும். புதிதாக வந்தவை அல்ல, சேற்றுக்கு வந்தவை. ஆகவே பறவைக் கணக்கோடு குளத்தின் கணக்கும் வேண்டும். தண்ணீர் திறந்துவிடும் துருசுப் பக்கம் நீர்மட்டக் கோல் இருக்கிறதே, அதன் அடியளவை ஒவ்வொரு தடவையும் எழுதுங்கள். இரணைமடு நிறைமட்டம் 36 அடி; அது எத்தனை அடிக்கு இறங்கும்போது வாத்து நகர்கிறது என்பதை இரண்டு வருடத்தில் நீங்களே சொல்லுவீர்கள். முடிந்தால் வவுனிக்குளத்துப் பக்கமோ முத்தையன்கட்டுப் பக்கமோ ஒரு பழைய மாணவரைப் பிடித்து, அதே கிழமையில் அங்கேயும் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த எல்லாக் குளத்திலும் ஒரே கிழமையில் இல்லை என்றால் புறப்பட்டுவிட்டது என்று துணிந்து எழுதலாம்.

போவதற்கு முன் பறவை உடுப்பு மாற்றும், அதையும் கவனியுங்கள். மீசை ஆலா ஜனவரியில் வெளிறிய சாம்பலும் வெள்ளையுமாகக் குளத்தின் மேல் பறந்து திரியும். ஏப்ரலில் அதே பறவையின் தலையில் கறுப்புத் தொப்பி, வயிறு கரிச்சட்டி அடி போல, கன்னத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. மீசை என்ற பெயர் அப்போதுதான் விளங்கும். கருவால் மூக்கனின் கழுத்து செங்கல் நிறமாகும். 'பாதிக்கு மேல் நிறம் மாறிவிட்டது' என்று ஒரு வரி எழுதினால் பயணம் கிட்டுகிறது என்று அர்த்தம். பின்னேரம் பொழுதுபடும்போது ஒரு கூட்டம் கத்திக்கொண்டே எழும்பி, திரும்பி இறங்காமல் உயர உயர வடக்கே போவதைக் கண்டால் நேரத்தையும் எண்ணிக்கையையும் உடனே குறியுங்கள். அது கிடைப்பதற்கரிய பதிவு. எனக்கு இத்தனை வருடத்தில் நாலைந்து தடவைதான் கிடைத்தது.

காலை வேலை எளிது. ஒரே இடம், ஒரே பாதை, ஒரே நேரம். சூரியன் உதித்து ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடுங்கள். ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீரின் மேல் கானல் ஆடும், எல்லா வாத்தும் ஒரே வாத்தாகத் தெரியும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீற்றர்) தொலைநோக்கி ஒன்று உங்கள் எல்லாருக்கும் போதும். கூட்டத்தை எண்ணும்போது முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்குங்கள். அப்படிப் பத்துப் பத்து சேர்ந்தது நூறு. பிறகு நூறு நூறாக அளந்துகொண்டு போகலாம். நாலு பிள்ளைகள் தனித்தனியாக எண்ணி, காதுக்குள் சொல்லாமல் எழுதிக் காட்டினால் நல்ல வேடிக்கை. விடைகள் எவ்வளவு விலகும் என்று நீங்களே பாருங்கள்.

கொப்பியில் ஒரு நாள் இப்படி இருந்தால் போதும்:

'2026 மார்ச் 21. துருசிலிருந்து வான்கதவு வரை நடை. 6.20 முதல் 7.10 வரை. மூன்று பேர். முகில் இல்லை. நீர்மட்டம் இத்தனை அடி. ஊசிவால் வாத்து ஏறக்குறைய 400. மீசை ஆலா 35, பத்தில் வயிறு கறுப்பு. பழுப்புக் கீச்சான் 2. தகைவிலான் இல்லை. ஆறுமணிக் குருவி சத்தம் இல்லை. பெயர் தெரியாத உள்ளான் 6, சிவப்புக் கால், பறக்கும்போது செட்டையின் பின்விளிம்பு வெள்ளை.'

கடைசி வரியைக் கவனியுங்கள். பெயர் தெரியாவிட்டால் கண்டதை எழுதினால் சரி. சிவப்புக் காலும் செட்டையில் வெள்ளையும் என்றால் அது பவளக்காலி என்று பின்னால் யாரும் சொல்லிவிடுவார்கள். ஊகித்துப் பெயர் போட்டால்தான் யாராலும் திருத்த முடியாது. காலில் நிற வளையமோ சின்னக் கொடியோ கண்டால் நிறம், எந்தக் கால், அதிலுள்ள எழுத்து மூன்றையும் குறியுங்கள். அந்தப் பறவையை எங்கே பிடித்துவிட்டார்கள் என்று அதைவைத்தே கண்டுபிடிக்கலாம்.

எழுதியதை எங்கே கொடுப்பது? ஈபேர்ட் (eBird) என்ற இலவசச் செயலி இருக்கிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் 2002இல் இணையத்தளமாகத் தொடங்கியது. சிக்னல் இல்லாத இடத்திலும் பதிந்துவைத்து, வீட்டுக்கு வந்து அனுப்பலாம். பழைய கொப்பியில் உள்ளதையும் அந்தந்தத் திகதியில் ஏற்றலாம். பட்டியலை அனுப்பும்போது, அடையாளம் கண்ட எல்லாப் பறவையையும் சேர்த்தீர்களா என்று கேட்கும். ஆம் என்று சொல்லக்கூடிய விதமாகக் காகம், மைனா உட்பட எழுதுங்கள். அப்போதுதான் பட்டியலில் ஊசிவால் இல்லாதது உண்மையிலேயே இல்லாததாகக் கணக்கில் சேரும். உங்கள் 'இல்லை' உலகத்துக்குப் போய்ச் சேரும் வழி அதுதான். பெயர் பிடிக்க மேர்லின் (Merlin) என்ற கூட்டாளிச் செயலி உதவும், ஆனால் அது சொல்வதைத் தீர்ப்பாக எடுக்கவேண்டாம். போனில் இதெல்லாம் பிள்ளைகள் அரை மணித்தியாலத்தில் பழகிவிடுவார்கள். கொப்பி உங்களிடமே இருக்கட்டும்.

நம் நாட்டில் இலங்கைப் பறவைச் சங்கமும் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த களப் பறவையியல் குழுவும் இதில் பழையவர்கள். ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். அதற்கு வடக்கில் ஆள் எப்போதும் பற்றாது. உங்களுக்குக் கிட்ட அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழக வளாகமே இருக்கிறது, ஒரு நாள் கொப்பியோடு போய்ப் பாருங்கள். மே மாத இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவை நாள். நம்மூரில் அதற்குள் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை போய்விட்டிருக்கும்! விழா எடுப்பதானால் ஒக்டோபரில் இரண்டாவது தடவை வரும் நாளில் எடுங்கள்.

பிள்ளைகளோடு போவதால் சில விஷயம் கண்டிப்பு. சனம் நடக்கிற பாதையை விட்டு இறங்கவேண்டாம்; செந்நிற மண்டையோட்டுப் பலகையோ நாடாவோ கண்டால் திரும்பிவிடுங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் எல்லா இடத்திலும் முடியவில்லை. அலைகரைப் பற்றைக்குள் யானை நிற்கும், தண்ணீர் ஓரத்தில் முதலை கிடக்கும். தொலைநோக்கியை இராணுவ முகாம் பக்கம் திருப்பக்கூடாது. கிராம அலுவலரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் வீண் விசாரணை வராது. சுண்டிக்குளம் தேசியப் பூங்கா என்பதால் அங்கே போக வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்கவேண்டும். படத்துக்காகக் கூட்டத்தைக் கலைக்கவும் விடாதீர்கள். பூநாரை எழும்பிப் பறக்கிற படம் எடுக்க மோட்டார் சைக்கிளில் சேற்றுக்குள் விரட்டியவர்களை மன்னாரில் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். மார்ச்சில் பறவை தின்பது பயணத்துக்கான கொழுப்பு. ஒரு தடவை கலைத்தால் அதில் கொஞ்சம் வீணாகும்.

ஏப்ரல் முடிந்ததும் கொப்பியை மூடிவிடாதீர்கள். மே, ஜூன் இரண்டு மாதமும் கிழமைக்கு ஒரு தடவை போங்கள். முதிராத உள்ளான் சில போகாமலே தங்கிவிடும். 'மூன்று நிற்கிறது, நிறம் மாறவில்லை' என்று எழுதினால் சரி. ஜூலைக் கடைசியில் அல்லது ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலை, அலைகரைச் சேற்றில் வாலை ஆட்டிக்கொண்டு ஒற்றை உள்ளான் ஒன்று புதிதாக நிற்கும். அந்தத் திகதியைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.