மூட்டு வலிக்கு ‘ஸ்டெம் செல் ஊசி’: ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்கவில்லை, ஏன்?

உங்கள் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம் என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் ஒரு கிளினிக்கில் வயிற்றுக் கொழுப்பிலிருந்து செல் எடுத்து அன்றைக்கே மூட்டில் போடுவதாகச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்டது, சித்தப்பாவுக்குக் கேட்கவில்லை என்கிறீர்கள். அந்த இருவருக்கும் போனது ஒரே மருந்து இல்லை.

பாரசிட்டமால் 500 மில்லிகிராம் மேலமாசி வீதியில் வாங்கினாலும் மேலூரில் வாங்கினாலும் 500தான். மூட்டுக்கு ‘ஸ்டெம் செல்’ என்று சொல்லப்படும் மீசென்கைமல் ஸ்ட்ரோமல் செல்லுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 2006-ல் வகுத்த பன்னாட்டு வரையறைப்படி அது பிளாஸ்டிக்கில் ஒட்டி வளர வேண்டும்; செல்லின் மேற்பரப்பில் இருக்கும் அடையாளப் புரதங்களான சிடி73, சிடி90, சிடி105 மூன்றும் 95 சதவீதச் செல்களிலாவது இருக்க வேண்டும்; இரத்தச் செல்லின் அடையாளங்களான சிடி45, சிடி34 போன்றவை 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; ஆய்வகத்தில் எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்புச் செல்லாக மாற வேண்டும். இவ்வளவும் தேறினாலும் உடம்புக்குள் வேலை செய்யுமா என்று தெரியாது.

கொடுத்தவரின் வயது, எடுத்த இடம், வளர்க்க ஊட்டமாக விட்ட சீரம், எத்தனை முறை பிரித்து வளர்த்தார்கள் (பாசேஜ்) என்பது எல்லாமே செல்லை மாற்றும். அதிகம் பிரித்தால் செல் அகன்று, கிழடாகி, பெருகுவதை நிறுத்திவிடும். திரவ நைட்ரஜனில் உறைய வைத்து உருக்கிய செல் டிரைபான் புளூ சாயச் சோதனையில் உயிரோடிருப்பதாகக் காட்டும். ஆனால் இன்டர்ஃபெரான் காமா என்ற அழற்சிச் சமிக்ஞை வந்ததும் ஐடிஓ என்ற நொதியை உண்டாக்கி அழற்சியை அடக்கும் திறன் அப்போது மந்தமாக இருக்கும். ஒரு நாள் வளர்ப்பில் வைத்தால் மீளும். எத்தனை இடத்தில் வைக்கிறார்கள்?

உங்களுக்குச் சொன்ன முறையில் வளர்ப்பே இல்லை. அன்றைக்கே எடுத்துப் போடுவது பல வகைச் செல்கள் கலந்த கலவை. இரத்தச் செல், இரத்தக் குழாய்ச் செல் எல்லாம் அதில் கிடக்கும். நமக்கு வேண்டிய செல் அதில் சிறு பங்குதான் இருக்கும். ‘இத்தனை கோடி செல்’ என்று சொல்லும் கணக்கு அந்தக் கலவையின் கணக்கு.

நான் இந்தச் சிகிச்சைக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முறையாகச் செய்தவர்களும் உண்டு. ஒருவர் செல்லுக்கும் இன்னொருவர் செல்லுக்கும் உள்ள வேறுபாட்டைச் சமன்செய்ய, பெங்களூரு ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம் பலரின் எலும்பு மஜ்ஜைச் செல்களைக் கலந்தே தயாரிக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்கு 2022-ல் இந்திய அனுமதியும் கிடைத்தது. அமெரிக்காவில் 2024 டிசம்பரில்தான் இவ்வகைச் செல்லுக்கு முதல் அனுமதி, அதுவும் மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் வந்த செல்கள் உடம்பையே தாக்கும் நோய் ஸ்டீராய்டுக்குக் கேட்காத குழந்தைகளுக்கு மட்டும். ஐரோப்பாவில் 2018-ல் அனுமதித்த ஒன்று, பெரிய ஆய்வில் தோற்று 2024-ல் திரும்பப் பெறப்பட்டது.

பிரசவ வார்டு வாசலில் தொப்புள்கொடி இரத்தத்தைச் சேமிக்கச் சொல்லிக் கர்ப்பிணிகளைப் பயமுறுத்தும் ஏஜென்ட்டுகள் இதையும் அதையும் ஒன்றாக்கிப் பேசுவதைக் கேட்டால் வயிறு எரிகிறது. அதில் முக்கியமாக இருப்பது இரத்தம் உண்டாக்கும் செல். மூட்டுக்கு நாம் பேசும் செல் அதுவல்ல.

கிளினிக்கில் நாலு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: செல் எங்கிருந்து, எத்தனையாவது பாசேஜ், கிருமி மற்றும் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனை அறிக்கை, சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண். ஆய்வு என்று சொல்லிக்கொண்டே ஊசிக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அம்மாவை நிற்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயோடு ராஜாஜி மருத்துவமனை எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டி, தேய்மானம் எந்த கிரேடு என்று முதலில் கேளுங்கள். எலும்போடு எலும்பு உரசும் நாலாம் கிரேடு என்றால் பேச வேண்டியது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி.