நிறுத்தப்பட்ட நெடுந்தொடர்கள் திரும்பி வருமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பகல்நேர நெடுந்தொடர்களைப் பற்றிப் பல வாசகர்கள் எழுதியிருப்பதால், இம்முறை இந்தப் பகுதி முழுவதும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

கேள்வி: 'ஆல் மை சில்ட்ரன்' 41 ஆண்டுகளும் 'ஒன் லைஃப் டு லிவ்' 43 ஆண்டுகளும் ஓடியவை. பார்ப்பதற்கு ஆள் இல்லாமலா ஏபிசி தொலைக்காட்சி நிறுவனம் அவற்றை நிறுத்தியது?

ஆள் இல்லாமல் இல்லை. இரண்டு தொடர்களையும் நிறுத்தப்போவதாக 2011 ஏப்ரல் 14 அன்று ஏபிசி ஒரே மூச்சில் அறிவித்தபோது, ஒவ்வொன்றையும் நாள்தோறும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த எண்ணிக்கை ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டே வந்தது என்பதையும் மறுக்க முடியாது. 1981 நவம்பரில் ஏபிசியின் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் லூக்–லாரா திருமணம் ஒளிபரப்பானபோது ஏறத்தாழ 3 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது. பகலில் வீட்டில் இருந்த பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும், கேபிள் சேனல்கள் பெருகியதும் அந்தக் கூட்டத்தைக் கலைத்தன. 1995-இல் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்சன் மீதான கொலை வழக்கு விசாரணையை மாதக்கணக்கில் நேரலையாகக் காட்டியபோது தொடர்கள் நாள் கணக்கில் தள்ளிவைக்கப்பட்டன. அப்போது பழக்கம் விட்டுப்போனவர்களில் பலர் பிறகு திரும்பவே இல்லை.

இவற்றோடு செலவுக் கணக்கும் சேர்ந்துகொண்டது. நாளுக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், ஆண்டு முழுவதும் ஒரு தொடரை எடுப்பதற்குப் பெரும் நடிகர் கூட்டமும், எழுத்தாளர் குழுவும், நிரந்தர அரங்குகளும் தேவைப்படுகின்றன. ஒரு பேச்சு நிகழ்ச்சிக்கோ நான்கைந்து தொகுப்பாளர்களும் ஒரே ஓர் அரங்கும் போதும். விளம்பரதாரர்கள் 18 முதல் 49 வயது வரையிலான பெண்களுக்கே அதிக விலை கொடுத்ததால், தொடரோடு சேர்ந்து மூத்துப்போன ரசிகையின் விசுவாசத்துக்குச் சந்தையில் மதிப்பில்லாமல் போனது. இது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். 'ஒன் லைஃப் டு லிவ்' இருந்த இடத்துக்கு 2012 ஜனவரியில் வந்த 'த ரெவல்யூஷன்' என்ற நலவாழ்வு நிகழ்ச்சி ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 43 ஆண்டுகளாகக் கட்டியதை இடித்துவிட்டு அங்கே எழுப்பியது அரை ஆண்டுக்குள் சரிந்தது என்றால், இடித்தவர்கள் கணக்கை அவசரத்தில் போட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: நிறுத்தப்பட்டவற்றில் எதைப் பேரிழப்பு என்று கருதுகிறீர்கள்?

சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனம் அடுத்தடுத்த ஆண்டுகளில் நிறுத்திய இரண்டையும் சொல்வேன். 'கைடிங் லைட்' 1937 ஜனவரியில் வானொலித் தொடராகத் தொடங்கி, 1952-இல் தொலைக்காட்சிக்கு வந்து, 2009 செப்டம்பர் 18 அன்று முடிந்தது. பாட்டி வானொலியில் கேட்டு, மகள் கறுப்பு வெள்ளையில் பார்த்து, பேத்தி வண்ணத்தில் தொடர்ந்த ஒரே கதை அது. அதன் கடைசிக் காலம் வேதனையானது. செலவைக் குறைப்பதற்காக 2008-இல் பழைய படப்பிடிப்பு முறையைக் கைவிட்டு, நியூ ஜெர்சியில் உள்ள பீபாக் என்ற சிற்றூரில் கையடக்க டிஜிட்டல் கேமராக்களை வைத்து வெளிப்புறக் காட்சிகளை எடுத்தார்கள். காட்சி குலுங்குகிறது, வசனம் தெளிவாகக் கேட்கவில்லை என்று பழைய ரசிகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். ஒரு தொடரைக் காப்பாற்றுவதற்காகச் செலவைக் குறைக்கும்போது, அதன் ரசிகர்கள் எதற்காக அதைப் பார்க்கிறார்களோ அதையே குறைத்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு.

'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' 1956 ஏப்ரல் 2 முதல் 2010 செப்டம்பர் 17 வரை ஓடியது. முதல் நாளின் முதல் வசனத்தைப் பேசியவர் நான்சி ஹியூஸ் பாத்திரத்தில் நடித்த ஹெலன் வாக்னர். 1963 நவம்பர் 22 அன்று அந்தத் தொடர் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. நான்சி தன் வீட்டில் மாமனாரோடு பேசிக்கொண்டிருந்த காட்சியின் நடுவே திரையில் செய்தி அறிவிப்பு அட்டை தோன்ற, அதிபர் கென்னடி சுடப்பட்டதை சிபிஎஸ் செய்தி வாசிப்பாளர் வால்டர் கிரான்கைட்டின் குரல் நாட்டுக்குச் சொன்னது. அரங்கில் இருந்த நடிகர்களுக்கு அது தெரியாது. யாரும் பார்க்காத அந்தக் காட்சியை அவர்கள் நடித்துக்கொண்டே இருந்தார்கள். இடையில் சில காலம் விலகியிருந்தாலும், அதே வாக்னர் 2010 மே மாதம் இறக்கும்வரை அதே நான்சியாகவே இருந்தார். நான்கு மாதங்கள் கழித்துத் தொடரும் முடிந்தது. ஒரு நடிகை ஒரே பாத்திரத்தில் இளமையிலிருந்து முதுமைவரை வாழ்வதைக் கிட்டத்தட்ட நாள்தோறும் பதிவு செய்ய வேறு எந்தக் கலைவடிவத்தால் முடிந்திருக்கிறது? பகல்நேரத் தொடர்களை மலிவானவை என்று ஒதுக்கியவர்கள் இதைக் கவனிக்கத் தவறினார்கள்.

கேள்வி: ஏபிசி கைவிட்ட இரண்டு தொடர்களையும் பிராஸ்பெக்ட் பார்க் என்ற நிறுவனம் இணையத்தில் மறுபடி கொண்டுவந்ததே, அந்த முயற்சி ஏன் தோற்றது? ரசிகர்கள் கைகொடுக்கவில்லையா?

ரசிகர்கள்மேல் பழி போடுவது எளிது. ஆனால் அது சரியன்று. நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். 2011 ஜூலையில் அந்த நிறுவனம் இரண்டு தொடர்களின் உரிமத்தையும் ஏபிசியிடமிருந்து பெற்றது. நிதி திரட்டுவதிலும் தொழிற்சங்கங்களோடு உடன்பாடு காண்பதிலும் சிக்கல் ஏற்பட, அதே ஆண்டு நவம்பரில் திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. அதனால் நடிகர்களும் எழுத்தாளர்களும் வேறு வேலை தேடிக் கலைந்துபோனார்கள். 2013 ஜனவரியில் திட்டம் மறுபடி உயிர்பெற்று, கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபர்டில் படப்பிடிப்பு தொடங்கி, ஏப்ரல் 29 அன்று ஹுலு, ஐடியூன்ஸ் தளங்களில் முதல் பகுதிகள் வெளிவந்தன. ஒரு மணி நேரத் தொடர் அரை மணி நேரமாகியிருந்தது. 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரின் தூணாக 1971 முதல் நின்ற எரிகா ஸ்லெசாக் திரும்பி வந்தார். 'ஆல் மை சில்ட்ரன்' தொடரின் முகமாகவே இருந்த சூசன் லூச்சி வரவில்லை.

அடுத்த இடி ஏபிசியிடமிருந்து வந்தது. இடைப்பட்ட காலத்தில் 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரின் மூன்று முக்கியப் பாத்திரங்கள் அவற்றின் நடிகர்களோடு 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடருக்கு இடம் மாறியிருந்தன. பாத்திரங்களின் உரிமம் பிராஸ்பெக்ட் பார்க்கிடம், நடிகர்களின் ஒப்பந்தம் ஏபிசியிடம் என்ற நிலையில், அதே மூவரும் அதே 'ஜெனரல் ஹாஸ்பிடல்' தொடரில் வேறு பெயர்களோடு வேறு மனிதர்களாகத் தோன்றினார்கள். பல ஆண்டுகளாக ஒரு முகத்தை ஒரு பெயரோடு சேர்த்தே அறிந்திருந்த ரசிகருக்கு அது எத்தனை குழப்பம் என்பதை விளக்க வேண்டியதில்லை. விவகாரம் நீதிமன்றம் போனது.

ஆயினும் முயற்சி தோற்றதற்கு வழக்கைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. தொடக்கத்தில் வாரத்துக்கு நான்கு பகுதிகள் வெளியிட்டவர்கள், ஒரு மாதம் முடிவதற்குள் இரண்டாகக் குறைத்தார்கள். இணையத்தில் மக்கள் நாள்தோறும் பார்ப்பதில்லை, நேரம் கிடைத்தபோது சேர்த்துவைத்துப் பார்க்கிறார்கள் என்பதே அவர்கள் சொன்ன விளக்கம். அந்த விளக்கம் உண்மைதான், நோயும் அதுதான். பகல்நேர நெடுந்தொடரின் உயிர் அதன் கதையில் இருப்பதைவிட அதன் அன்றாடத்தில்தான் அதிகம் இருக்கிறது. குறித்த நேரத்தில் அது வருகிறது. ஒரே நாளில் எல்லாரும் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு கதவு தட்டப்படுவதோடு நிறுத்திவிட்டால், திறந்தது யாருக்கு என்று சனியும் ஞாயிறும் தொலைபேசியில் பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தி நான்காம் பகுதியிலும் அவளுடைய தோழி பதினோராம் பகுதியிலும் இருந்தால் அந்தப் பேச்சு நடக்காது. பிராஸ்பெக்ட் பார்க் தலைப்பையும் பாத்திரங்களையும் பெரும்பாலான நடிகர்களையும் மீட்டது. அந்த நேரத்தை மீட்க அதனால் முடியவில்லை. 2013 முடிவதற்குள் இரண்டு தொடர்களும் நின்றுவிட்டன. மறு ஆண்டு அந்த இணைய நிறுவனம் திவால் மனு தாக்கல் செய்தது.

கேள்வி: ரசிகர்கள் எழுதிய கண்டனக் கடிதங்களால் ஏதாவது பயன் இருந்ததா?

ஓரளவு இருந்தது. 2011-இல் எதிர்ப்பு வலுத்தபோது, தூசு உறிஞ்சும் இயந்திரங்களைத் தயாரிக்கும் ஹூவர் நிறுவனம் ஏபிசிக்குத் தந்துவந்த விளம்பரங்களை விலக்கிக்கொண்டதோடு, ரசிகர்கள் எழுதுவதற்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியையும் திறந்தது. முடிவு மாறவில்லை. பணம் கொடுப்பவர் பேசினால்தான் சேனல்கள் திரும்பிப் பார்க்கும் என்பது தெளிவானது. புகழ்பெற்ற பேச்சு நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் சேனல் இவற்றை எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் அப்போது பரவியது. அது இயலாது என்று அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நிறுத்திய பிறகு எழுதும் ஆயிரம் கடிதங்களைவிட, ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு விளம்பரம் தரும் நிறுவனத்துக்கு எழுதும் பத்துக் கடிதங்கள் வலிமையானவை.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியாகப் பணிபுரிகிறேன். 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' ஓடிடிக்கு மாறியதிலிருந்து எங்கள் இல்லத்துப் பாட்டிமார் சிலர் அதைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். இந்த மாற்றம் தொடருக்கு வாழ்வா, சாவின் முதல் படியா?

தங்கள் கடிதம் மனத்தைத் தொட்டது, சகோதரி. 1965 நவம்பர் முதல் என்பிசியில் வந்த அந்தத் தொடரை 2022 செப்டம்பர் 12 அன்று பீகாக் என்ற கட்டணத் தளத்துக்கு மாற்றினார்கள். இதற்கு முன்னால் அதே என்பிசி 'பேஷன்ஸ்' தொடரை 2007-இல் கைவிட்டபோது, டைரக்ட் டிவி என்ற செயற்கைக்கோள் நிறுவனம் அதை எடுத்து நடத்தி, ஓர் ஆண்டுக்குள் நிறுத்திவிட்டது. ஆஸ்திரேலியாவின் 'நெய்பர்ஸ்' தொடரும் 2022-இல் முடிந்து, 2023-இல் அமேசான் வழியாகத் திரும்பி வந்து, 2025 பிப்ரவரியில் மறுபடியும் நிறுத்த அறிவிப்பைப் பெற்றது. ஆகவே அச்சப்பட இடமுண்டு. இருப்பினும் 'டேஸ்' ஒரு விஷயத்தில் வேறுபடுகிறது: இடையில் நிற்காமல், கலைஞர்கள் கலையாமல், வாரத்துக்கு ஐந்து பகுதிகள் என்ற ஒழுங்கை விடாமல் மாறியது. இதை மறுபிறவி என்பதைவிட வீடு மாற்றம் என்பதே பொருந்தும்.

தங்கள் இல்லத்துப் பாட்டிமாருக்குக் கட்டணத்தைவிடப் பெரிய தடை, செயலியைத் திறந்து, தேடி, தேர்ந்தெடுப்பதுதான் என்று நினைக்கிறேன். நிர்வாகத்தின் அனுமதியோடு பொதுக்கூடத்துத் தொலைக்காட்சியில் நாள்தோறும் ஒரே நேரத்தில் யாராவது ஒருவர் அன்றைய பகுதியை ஓடவிட முடியுமானால் செய்யுங்கள். சேர்ந்து பார்க்கும் அந்த வேளையை அவர்களுக்கு ஒரு தளம் தராது; தங்களைப் போன்ற ஒருவர் தர முடியும்.

கேள்வி: 'ஆல் மை சில்ட்ரன்' இனிமேல் திரும்பி வர வாய்ப்பு உண்டா?

அந்தத் தொடர் நடந்த கற்பனை ஊரான பைன் வேலியின் பெயரிலேயே இரவுநேரத் தொடர் ஒன்றை ஏபிசிக்காக உருவாக்கும் திட்டம் 2020 டிசம்பரில் செய்தியானது. பழைய தொடரில் நடித்து, வாழ்க்கையிலும் இணைந்த கெல்லி ரிப்பாவும் மார்க் கான்சுவேலோசும் அதன் பின்னணியில் இருந்தார்கள். அறிவிப்பு வந்த வேகத்தில் தொடர் வரவில்லை. வந்தாலும் வாரம் ஒரு முறை வரும் இரவுநேரத் தொடராகத்தான் இருந்திருக்கும். பழைய ரசிகர் தேடுவதோ வேறு.

என் நம்பிக்கை வேறொரு பக்கம் இருக்கிறது. 2010-இல் 'ஆஸ் த வேர்ல்ட் டர்ன்ஸ்' நின்றபோது அந்த நேரத்தில் சிபிஎஸ் வைத்தது 'த டாக்' என்ற பேச்சு நிகழ்ச்சி. அது 2024 டிசம்பரில் முடிந்தது. அதன் இடத்தில் 2025 பிப்ரவரி 24 அன்று 'பியாண்ட் த கேட்ஸ்' என்ற புதிய பகல்நேரத் தொடர் தொடங்கியது. வசதி படைத்த ஒரு கறுப்பினக் குடும்பத்தை நடுவில் வைத்துச் சொல்லப்படும் அந்தக் கதையை உருவாக்கியவர் பல பகல்நேரத் தொடர்களுக்கு எழுதிய மிஷெல் வால் ஜீன். 1999-இல் வந்த 'பேஷன்ஸ்' தொடருக்குப் பிறகு அமெரிக்காவின் பெரிய சேனல் ஒன்றில் தொடங்கிய முதல் பகல்நேர நெடுந்தொடர் இது. நிறுத்திய தலைப்பு திரும்பவில்லை. ஆனால் பறிபோன நேரம் நெடுந்தொடரிடமே திரும்பியிருக்கிறது. 'ஆல் மை சில்ட்ரன்' ஏதாவது ஒரு வடிவில் மீண்டும் வர வேண்டுமானால், இந்தத் தொடர் இன்னும் சில ஆண்டுகள் நிலைத்து, அன்றாடத் தொடருக்கு இன்றும் விளம்பரதாரர் கிடைப்பார் என்பதை ஏபிசிக்குக் காட்ட வேண்டும். ஆகவே அந்தத் தொடரில் சூசன் லூச்சி நடித்த எரிகா கேனை மறுபடி காண விரும்பும் வாசகர், அதுவரை 'பியாண்ட் த கேட்ஸ்' தொடரை, முடிந்தால் ஒளிபரப்பாகும் அந்த மதிய வேளையிலேயே பாருங்கள்.