குடலின் நரம்புகள் குடலிலேயே முளைக்கின்றனவா, வேறு இடத்திலிருந்து வருகின்றனவா?

வேறு இடத்திலிருந்துதான் வருகின்றன. அதுவும் கழுத்துப் பக்கத்திலிருந்து, குடலின் முழு நீளத்தையும் கடந்து.

இதை நான் பாடப்புத்தகத்தில் கற்கவில்லை. என் தங்கையின் மகன் பிறந்து இரண்டு நாளாகியும் முதல் கரும்பச்சை மலம் வெளியேறவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. மலக்குடலிலிருந்து சிறு துணுக்குத் திசு எடுத்துப் பார்த்த அறுவை மருத்துவர், "இந்த இடத்தில் நரம்புச் செல்களே இல்லை" என்றார். செத்துப்போய்விட்டனவா என்று கேட்டேன். "இல்லை, வந்து சேரவே இல்லை" என்றார். அந்தப் பதில்தான் என்னைப் பல மாதம் படிக்க வைத்தது.

கருவின் முதுகுப் புறத்தில் ஒரு தகடு மடிந்து குழலாகிறது. பின்னாளில் மூளையும் தண்டுவடமும் ஆவது அதுதான். மடிப்பின் விளிம்பில் இருக்கும் சில செல்கள் அங்கிருந்து பிரிந்து, உடலெங்கும் புறப்பட்டுப் போகின்றன. இவையே நரம்பு முகட்டுச் செல்கள். இவற்றில் பின்மூளையின் கீழ்ப்பகுதியை ஒட்டி, அதாவது கழுத்துப் பக்கத்தில் இருப்பவை, மனிதக் கருவில் நான்காம் வாரம் முன்குடலுக்குள் நுழைகின்றன. ஏழாம் வாரத்தில் மறுமுனையை எட்டுகின்றன. அந்த மூன்று வாரமும் குடல் நீண்டுகொண்டே இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். இடுப்புப் பகுதியிலிருந்து இன்னொரு கூட்டமும் வந்து பின்குடலில் சேர்கிறது. ஆனால் அதன் பங்கு சிறியது.

இதை நிறுவியவர்களில் முக்கியமானவர் பிரான்சின் நிக்கோல் லெ துவாரன். காடைச் செல்லின் உட்கருவைச் சாயமேற்றினால் கோழிச் செல்லிலிருந்து பிரித்தறிய முடியும். காடையின் நரம்பு முகட்டுத் துண்டைக் கோழிக் கருவில் ஒட்டவைத்து, காடைச் செல்கள் எங்கெங்கே போய்த் தங்குகின்றன என்று அவர் பார்த்தார். 1973இல் மரி-ஏமே தெய்யேவுடன் அவர் வெளியிட்ட முடிவில் குடல் நரம்புகளின் பிறப்பிடம் தெளிவாகிவிட்டது. எத்தனை எளிய யோசனை!

என்னை உறுத்திய கேள்வி வேறு: குறை ஏன் எப்போதும் கடைசிப் பகுதியில் வருகிறது? விடை எண்ணிக்கையில் இருக்கிறது. இந்தச் செல்கள் நகரும்போதே பெருகுகின்றன. பெருக்கம்தான் முன்வரிசையைத் தள்ளிச் செல்கிறது. சில செல்கள் வழியிலேயே தங்கி அந்தந்த இடத்து நரம்பாகவும் துணைச் செல்லாகவும் மாறுகின்றன. குடல் சுவர் சுரக்கும் ஜிடிஎன்எஃப் என்ற புரதத்தை, செல்லின் மேல் இருக்கும் ரெட் என்ற ஏற்பி பற்றிக்கொள்கிறது. பிழைக்கவும் பெருகவும் முன்னேறவும் அந்தச் சமிக்ஞை வேண்டும். எண்டோதீலின்-3 என்ற இன்னொரு சமிக்ஞை, செல்கள் அவசரப்பட்டு முதிராமல் தடுக்கிறது. முதிர்ந்துவிட்ட நரம்புச் செல் பெருகாது. ஆகவே இவற்றில் எது குறைந்தாலும் கூட்டம் மெலிகிறது, முன்வரிசை பாதியில் நின்றுபோகிறது, அதற்கு அப்பால் உள்ள குடல் வெறுமையாகிறது. கோழிக் கருவில் புறப்படும் செல்களில் ஒரு பகுதியை நீக்கினாலே பின்குடல் நரம்பின்றி இருக்கும்.

இந்த நிலைக்கு ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் என்று பெயர். சுமார் 5,000 பிறப்பில் ஒன்று. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. 1886இல் டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் இதை விவரித்தபோது கண்ணில் பட்டது வீங்கிய பெருங்குடல். ஆனால் வீங்கிய பகுதிக்கு நரம்பு உண்டு. கோளாறு அதற்குக் கீழே, பார்வைக்கு இயல்பாகத் தோன்றும் குறுகலான பகுதியில். நரம்பில்லாத தசை தளராது, அடைத்துக்கொள்ளும். அந்தப் பகுதியை நீக்கி நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்கும் அறுவையை ஆர்வர் ஸ்வென்சன் 1948இல் வெளியிட்டார். எங்கள் குழந்தைக்கும் அந்த வழியில்தான் சிகிச்சை நடந்தது, நன்றாக இருக்கிறான்.

"நான் சாப்பிடக் கூடாத எதையாவது சாப்பிட்டுவிட்டேனா, அண்ணா?" என்று தங்கை அப்போது திரும்பத் திரும்பக் கேட்டாள். இதில் அறியப்பட்ட முக்கியக் காரணங்கள் மரபணுக்களில், குறிப்பாக ரெட் மரபணுவில் இருக்கின்றன என்று சொன்னேன். பிறகு, செல்கள் புறப்பட்ட வாரத்தையும் நின்றுபோன வாரத்தையும் விரல்விட்டு எண்ணிக் காட்டினேன். அவளுக்குக் கர்ப்பம் உறுதியானதே அந்த நாட்களில்தான்.