எல்ஃபீடில் சந்தாக்கள் நூறைத் தாண்டிவிட்டன. டெக்ஸ்ட் எடிட்டருக்குள்ளேயே அவற்றை ஒழுங்காகப் பிரித்து வைப்பது எப்படி?

கேள்வி கேட்டவரின் சிக்கல் இது: ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் எல்ஃபீடு என்ற ஓடை வாசிப்பானை வைத்திருக்கிறார் (ஓடை என்றால் ஃபீட், ஒரு தளம் தன் புதிய பதிவுகளைத் தரும் முகவரி). சந்தா முகவரிகள் எல்லாம், ஈமேக்ஸ் திறக்கும்போது படிக்கும் தொடக்கக் கோப்பில் ஒரே நீளப் பட்டியலாகக் கிடக்கின்றன. ‘தொழில்நுட்பம்’, ‘அரசியல்’, ‘விவசாயம்’ என்று டேக் போட்டும் பார்த்துவிட்டார். படிக்காதவை ஆயிரக்கணக்கில் சேர்வது மட்டும் நிற்கவில்லை.

என் பதில் இரண்டு வரிதான். பட்டியலைத் தொடக்கக் கோப்பிலிருந்து எடுத்து ஓர் ஆர்க் கோப்பில் (தலைப்பு, உள்தலைப்பு என்று அடுக்கி மடிக்கக்கூடிய ஈமேக்ஸ் டெக்ஸ்ட் கோப்பு) வையுங்கள். டேக்கைப் பொருளை வைத்துப் போடாமல், எப்போது படிப்பீர்கள் என்பதை வைத்துப் போடுங்கள். கீழே இருப்பதெல்லாம் இதற்கான விளக்கம்.

நான் மன்னார்குடியில் வீட்டிலிருந்தபடியே வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். கொஞ்சம் நிலம் உண்டு, அதை அப்பா பார்க்கிறார். மே மாதக் கடைசியில் இருந்தே, நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் “தம்பி, மேட்டூர்ல எத்தனை அடி?” என்றுதான் கேட்பார். ஜூன் 12இல் அணையைத் திறப்பார்களா மாட்டார்களா என்பதை வைத்துத்தான் குறுவை. ஆக என் பட்டியலில் பைத்தான் வெளியீட்டு அறிவிப்பும் இருக்கும், கல்லணைச் செய்தியும் இருக்கும்.

பொருள்வாரி டேக் ஏன் கைகொடுப்பதில்லை என்று சொல்கிறேன். ‘விவசாயம்’ என்று ஒரு டேக் இருந்தால், அணை திறப்புச் செய்தியும் அதில் விழும், மாப்பிள்ளைச் சம்பாவைப் பற்றிய நீண்ட கட்டுரையும் அதிலேயே விழும். முதலாவது இரண்டு நாளில் பழசாகிவிடும். இரண்டாவதை ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் அவசரமானதைத் தேடும்போது ஆற அமரப் படிக்க வேண்டியது இடைஞ்சல். ஆற அமர உட்கார்ந்தால் பழைய அவசரங்கள் இடைஞ்சல். தொழில்நுட்பத்திலும் இதே கதைதான். நான் பயன்படுத்தும் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை என்ற அறிவிப்பை அன்றைக்கே பார்க்க வேண்டும். ஒருவர் தன் எடிட்டர் அமைப்பைப் பற்றி எழுதியதைப் பார்க்காமலே விட்டாலும் குடி முழுகிவிடாது.

அதனால் என்னிடம் மூன்றே டேக்: இன்று, ஞாயிறு, சும்மா. ‘சும்மா’ என்பதைத் திறக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை. அந்த உரிமையை நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளாவிட்டால் எந்தக் கருவியும் காப்பாற்றாது.

இனி கோப்பு. எல்ஃபீடு கிறிஸ்டோபர் வெல்லன்ஸ் எழுதியது, 2013இல் வந்தது. கூகுள் தன் ஓடை வாசிப்பானான ரீடரை மூடியதும் அதே ஆண்டு ஜூலை 1ஆம் தேதிதான். அதன் மேல் எல்ஃபீடு-ஆர்க் என்று ஒரு சிறிய தொகுப்பு இருக்கிறது, மெல்பா என்ற ஈமேக்ஸ் தொகுப்புக் களஞ்சியத்தில் கிடைக்கும். அதை நிறுவிவிட்டால் சந்தாப் பட்டியல் இப்படி ஆகிவிடும்:

* சந்தாக்கள் :எல்ஃபீடு:
** வயல் :இன்று:
*** (ஓடையின் முகவரி)
** படிக்க :ஞாயிறு:
*** (ஓடையின் முகவரி)
*** (ஓடையின் முகவரி)

மேல் தலைப்பில் உள்ள எல்ஃபீடு என்ற டேக்கை மட்டும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும், அதை வைத்துத்தான் தொகுப்பு கிளையை அடையாளம் காண்கிறது. மற்ற டேக்குகளைத் தமிழிலேயே வைக்கலாம், ஆர்க் ஏற்றுக்கொள்கிறது. மேல் தலைப்பின் டேக் கீழே உள்ள எல்லாவற்றுக்கும் தானாகவே இறங்கும். ஆகவே ஓர் ஓடையை ‘இன்று’ என்பதிலிருந்து ‘ஞாயிறு’க்குத் தள்ள, அந்த வரியை வெட்டி வேறு கிளைக்கு அடியில் ஒட்டினால் போதும். ஒரே கிளைக்குள் மேலே கீழே நகர்த்த ஆல்ட் பொத்தானும் அம்புக்குறியும். பட்டியல் நீண்டால் டேப் தட்டி மடித்துக்கொள்ளலாம். கோப்பைச் சேமித்துவிட்டு எல்ஃபீடை மறுபடி அழைத்தால் மாற்றம் ஏறியிருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. ஒவ்வொரு முகவரிக்குக் கீழும் சாதாரணமாக எழுதலாம், தொகுப்பு அதைக் கண்டுகொள்ளாது. ‘நிலத்தடி நீர் உப்பாவது பற்றி எழுதுகிறார், வருடத்துக்கு நாலைந்து பதிவுதான் வரும், நீக்காதே’ என்று ஒரு வரி எழுதி வைத்திருப்பேன். ஒரு வருடம் கழித்துப் பட்டியலைக் களையெடுக்கும்போது, இதை ஏன் சேர்த்தேன் என்று விழிக்க வேண்டியதில்லை. இணையத்தில் இருக்கும் எந்த ஓடை வாசிப்பானிலும் இவ்வளவு தாராளமாக எழுத எனக்கு இடம் கிடைத்ததில்லை.

அடுத்தது நாளிதழ்கள். அவற்றின் ஓடையில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வரும். எனக்கு வேண்டியது அதில் ஐந்தாறு. தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது என்றால் பிரிவுப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்தப் பிரிவுக்கு மட்டுமான ஓடை கிடைத்துவிடும். அப்படிக் கிடைக்காத தளங்களுக்குத் தலைப்புச் சல்லடைதான் வழி. ஆர்க் கோப்பில் ஒரு தலைப்பை ‘என்ட்ரி-டைட்டில்:’ என்று (இதுவும் ஆங்கில எழுத்தில்) தொடங்கி, அதன் பிறகு ஒரு ரெஜெக்ஸ் கோலத்தை (எந்த எழுத்துத் தொடரைத் தேட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) எழுதி, வரிக் கடைசியில் டேக் கொடுத்தால், எந்த ஓடையில் வந்தாலும் தலைப்பு அந்தக் கோலத்துக்குப் பொருந்தும் பதிவுக்கு அந்த டேக் விழும். நாளிதழ் முழுவதையும் ‘சும்மா’வில் போட்டுவிட்டு, காவிரி, மேட்டூர், கொள்முதல், பயிர்க் காப்பீடு என்ற சொற்களுக்கு மட்டும் ‘இன்று’ விழும்படி வைத்திருக்கிறேன்.

இங்கேதான் தமிழ் கொஞ்சம் விளையாடும். இந்தத் தொகுப்புக்கான விளக்கங்களில் உள்ள எடுத்துக்காட்டுகள் ஆங்கிலத்துக்கு எழுதியவை, நமக்கு அப்படியே பொருந்தாது. ‘மேட்டூர்’ என்று கோலம் எழுதினால் ‘மேட்டூர் அணை திறப்பு’ சிக்கும், ‘மேட்டூரில் நீர்வரத்து அதிகரிப்பு’ தப்பிவிடும். கடைசி மெய், வேற்றுமை உருபோடு சேரும்போது புள்ளியை இழந்துவிடுகிறதே. தீர்வு சுலபம்: கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு ‘மேட்டூர’ என்று எழுதுங்கள். யூனிகோடில் ‘ர்’ என்பது ரகரமும் அதன்பின் ஒரு புள்ளியும்தான் என்பதால், புள்ளியில்லாத கோலம் இரண்டுக்கும் பொருந்தும். திருவாரூர, தஞ்சாவூர, கொள்முதல என்று எல்லாமே இப்படித்தான். ‘காப்பீடு’ ‘காப்பீட்டு’ என்று மாறுவதால் ‘காப்பீட’ வரை எழுதினால் இரண்டும் சிக்கும். மகர மெய்யில் முடிவதற்குப் புள்ளியோடு மகரத்தையும் வெட்ட வேண்டும். நீர்மட்டம் நீர்மட்டத்தை ஆகிவிடும், எனவே ‘நீர்மட்ட’ போதும்.

ரொம்பவும் வெட்டினாலும் ஆபத்து. தஞ்சை, தஞ்சாவூர் இரண்டுக்குமாக ‘தஞ்ச’ என்று சுருக்கினால், யாரோ எங்கேயோ தஞ்சம் அடைந்த செய்தியெல்லாம் வந்து நிற்கும். ‘நெல்’ என்று போட்டால் திருநெல்வேலியும் நெல்லிக்காயும் வரும், ‘நெற்பயிர்’ வராது. ‘சம்பா’ என்று வெறுமனே எழுதினால் வீட்டிலிருந்தே சம்பாதிப்பது எப்படி என்ற கட்டுரைகள் அத்தனையும் விவசாயச் செய்தி ஆகிவிடும். இதற்கு ‘சம்பா சாகுபடி’, ‘சம்பா நடவு’, ‘சம்பா பயிர’ என்று சேர்த்தே எழுதுவதுதான் வழி. ஈமேக்ஸ் ரெஜெக்ஸில் ‘இது பின்னால் வரக்கூடாது’ என்று சொல்ல வசதி கிடையாது.

இன்னொரு நுணுக்கம். ‘கொ’ போன்ற எழுத்தின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கோலத்துக்குத் தெரியும். ஒரு தளத்தின் தலைப்புகள் மட்டும் காரணமில்லாமல் சிக்காமல் போனால் இதைச் சந்தேகியுங்கள். நான் ‘ள்முதல’ என்று நடுவிலிருந்து தொடங்கி எழுதிவிட்டேன். அசிங்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது.

டேக்கை மாற்றினால் ஏற்கனவே இறங்கிய பதிவுகளுக்கு அது தானாகப் போய்ச் சேராது. ‘எல்ஃபீடு-அப்ளை-ஆட்டோடேக்ஸ்-நவ்’ என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். தலைப்புக் கோலங்களுக்கு அதன் உடன்பிறப்பான ‘எல்ஃபீடு-அப்ளை-ஹுக்ஸ்-நவ்’. இவை புது டேக்கைச் சேர்க்கும், பழையதை நீக்காது. பழையதை நீங்கள்தான் பட்டியலில் பதிவுகளைத் தேர்ந்தெடுத்துக் கழித்தல் குறியை அழுத்தி எடுக்க வேண்டும்.

படிப்பது ஃபில்டரில். ‘எஸ்’ அழுத்தினால் கீழே வரி திறக்கும். எல்ஃபீடு முதலில் காட்டுவது கடந்த ஆறு மாதத்தில் படிக்காதவை எல்லாம். ஆயிரக்கணக்கான எண்ணிக்கையைக் கண்டு மலைப்பதற்கு இதுவே பாதிக் காரணம். என் காலை ஃபில்டர் இரண்டு நாள், படிக்காதவை, ‘இன்று’ டேக், அவ்வளவுதான். இரண்டு நாளுக்குள் பார்க்காத அணைச் செய்தி பார்வையிலிருந்தே மறைந்துவிடும், அதை ‘படித்தது’ என்று குறிக்கக்கூட வேண்டாம். இந்த ஃபில்டரை ஈமேக்ஸின் சாதாரண புக்மார்க்காகவே சேமிக்கலாம். ஞாயிறுக்கு இன்னொரு புக்மார்க், அதற்குக் காலக்கெடு ஆறு மாதம்.

புதிய செய்தியை எல்ஃபீடு தானாகப் போய் எடுத்து வராது, பெரிய ‘ஜி’ அழுத்த வேண்டும். டைமர் வைத்துத் தானியங்கியாக்கலாம். நான் வைக்கவில்லை, வைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

எடுத்து வந்தவை உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும் என்பது எங்கள் பக்கத்துக்குப் பெரிய வசதி. 2018 நவம்பரில் கஜா புயல் கடந்த பிறகு இங்கே பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. அந்த மாதிரி நாட்களுக்கு எதுவும் உதவாது, அது வேறு. மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும்போது, வைஃபை இல்லாமல் லேப்டாப் பேட்டரியில் ஞாயிறுக் கட்டுரைகளைப் படிக்கலாம். ஓடையிலேயே முழுக்கட்டுரையையும் கொடுக்கும் தளங்களுக்கு மட்டும்தான் இது. வலைப்பூக்கள் பெரும்பாலும் கொடுக்கும். நாளிதழ்கள் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும்.

தமிழ் எழுத்து திரையில் எப்படித் தெரியும் என்றும் கேட்கலாம். 2020இல் வந்த ஈமேக்ஸ் 27 முதல் எழுத்துகளைக் கோத்துக் காட்டுவதை ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் கவனிக்கிறது, எழுத்து உடையாது. எல்ஃபீடு பட்டியலில் தமிழ்த் தலைப்புக்கு அடுத்து வரும் ஓடைப் பெயர்கள் மட்டும் நேர்க்கோட்டில் நிற்காமல் கோணலாக இருக்கும். அதைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள், இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

ஓடையில் வராதது நிறைய இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் கொள்முதல் நிலையம் எப்போது திறக்கும், ஈரப்பதம் பார்த்து எத்தனை மூட்டையைத் திருப்புகிறார்கள், எந்த முறையில் எந்த வாய்க்காலுக்குத் தண்ணீர் என்பதெல்லாம் வாட்ஸ்ஆப் குழுவில்தான் வரும். அதை எடிட்டருக்குள் இழுத்து வரும் முயற்சியில் இறங்க வேண்டாம்.

போனில் படிக்க வேண்டுமென்றால் எல்ஃபீடு-ஆர்க்கில் ஓபிஎம்எல் (சந்தாப் பட்டியலை ஒரு வாசிப்பானிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கோப்பு வடிவம்) ஏற்றுமதிக் கட்டளை இருக்கிறது. அந்தக் கோப்பைப் போனில் உள்ள ஏறக்குறைய எந்த வாசிப்பானும் ஏற்கும். எதைப் படித்தீர்கள் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒத்துப்போகாது. அது வேண்டுமென்றால் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் போன்ற, ஓடைகளைத் திரட்டும் ஒரு சர்வரை ஓட்டி, எல்ஃபீடு-புரோட்டகால் என்ற தொகுப்பு வழியாக இணைக்க வேண்டும். மூன்று டேக் வைத்திருக்கிறவனுக்கு அது அதிகம்.

விம் என்ற இன்னொரு எடிட்டரை வைத்திருக்கும் ஆட்களுக்கு: எடிட்டருக்குள்ளேயே படிப்பதை விட்டுவிட்டு, டெர்மினலில் நியூஸ்போட் என்ற ஓடை வாசிப்பானை வையுங்கள். சந்தாக்கள் அதிலும் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான். வரிக்கு ஒரு முகவரி, பக்கத்தில் இடைவெளி விட்டு டேக்குகள். ஓடைப் பட்டியலில் இருக்கும்போதே பெரிய ‘இ’ அழுத்தினால் அந்தக் கோப்பு விம்மில் திறக்கும். திருத்தி, சேமித்து, வெளியே வந்தால் பட்டியல் மாறியிருக்கும்.