அரிய ஆங்கிலச் சொற்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அதிகம் புழங்காத சொற்களைப் பற்றியவை. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: போட்டித் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். நாளுக்கு இருபது புதிய ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நான்கைந்துகூட நினைவில் இருப்பதில்லை. வேறு வழி உண்டா? (கல்லூரி மாணவி, விருதுநகர்)

பதில்: உங்கள் நினைவாற்றலில் குறை ஒன்றும் இல்லை. ஒன்றுக்கொன்று உறவே இல்லாத இருபது சொற்களை வரிசையாக எழுதி வைத்தால் அவை எளிதில் யாருக்கும் மனத்தில் தங்குவதில்லை. சொற்களுக்கும் குடும்பம் உண்டு. ஒரு குடும்பத்தாரை ஒன்றாகச் சேர்த்துப் பழகினால் ஒருவர் முகம் மறந்தாலும் மற்றவர் முகம் அதை நினைவூட்டும். ஓர் எடுத்துக்காட்டை முழுதாகவே பார்ப்போம். 'பேசுதல்' என்ற பொருளுடைய 'லொக்வி' என்னும் இலத்தீன் வேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஓயாமல் பேசுகிறவரை 'லொக்வேஷியஸ்' என்பார்கள். நாடகத்தில் ஒரு பாத்திரம் தனியே நின்று தனக்குத்தானே பேசிக்கொள்வது 'சொலிலொக்வி'. ஆடம்பரச் சொற்களை அடுக்கும் பேச்சு 'கிராண்டிலொக்வென்ட்'. மடியில் பொம்மையை உட்கார வைத்துக்கொண்டு, தம் உதடு அசையாமல் அதற்குக் குரல் கொடுக்கும் கலைஞர் 'வென்ட்ரிலொக்விஸ்ட்'. 'வென்டர்' என்றால் வயிறு என்பதால் அவர் வயிற்றால் பேசுகிறவர் ஆகிறார். தூக்கத்தில் பேசுவதற்கும் 'சோம்னிலொக்வி' என்று ஒரு சொல் இருக்கிறது.

இந்தக் கடைசிச் சொல்லில் உள்ள 'சோம்னஸ்' என்பது தூக்கம். தூக்கமின்மையை மருத்துவர்கள் 'இன்சோம்னியா' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். தூக்கத்தில் எழுந்து நடப்பது 'சோம்னாம்புலிஸம்'. அதன் பிற்பாதியில் இருப்பது, நடத்தல் என்னும் பொருளுடைய 'ஆம்புலாரே'. அதே வேரிலிருந்து வந்ததுதான் ஆம்புலன்ஸ். படையோடு கூடவே இடம்பெயர்ந்து சென்ற கள மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'நடக்கும் மருத்துவமனை' என்று அழைத்தார்கள். பிற்காலத்தில் அந்தப் பெயர், நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு வந்து சேர்ந்தது. ஓயாத பேச்சில் தொடங்கித் தெருவில் சைரன் ஒலிக்க ஓடும் வண்டிவரை எட்டுச் சொற்களைப் பார்த்துவிட்டோம். இவற்றில் ஒன்றிரண்டு உங்களுக்கு முன்பே தெரிந்தவை என்பதால் மற்றவையும் அவற்றைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

ஆகவே நாளுக்கு இருபது வேண்டாம். இரண்டு நாளைக்கு ஒரு வேர் போதும். சொல்லுக்கு எதிரே பொருளை மட்டும் எழுதாமல், உங்கள் வீட்டிலோ விடுதியிலோ நடந்த ஒன்றைப் பற்றி அந்தச் சொல் வரும்படி ஒரு வாக்கியத்தை நீங்களே எழுதுங்கள். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் என்று இடைவெளி விட்டுத் திருப்பிப் பாருங்கள். பார்க்கும்போது பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு, முதலில் நினைவிலிருந்து சொல்ல முயலுங்கள். ஓர் எச்சரிக்கையும் வேண்டும்: ஒலி ஒத்திருப்பதாலேயே வேர் ஒன்றாகிவிடாது. நடந்து செல்பவரைக் குறிக்கும் 'பெடஸ்ட்ரியன்' பாதத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. குழந்தை மருத்துவரைக் குறிக்கும் 'பீடியாட்ரீஷியன்' குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஐயம் எழும்போது, சொற்பிறப்பையும் தருகிற அகராதியைப் பாருங்கள்.

கேள்வி: 'அவங்குலர்' என்பதற்கு அகராதியில் 'அங்கிளைப் போன்ற' என்று பொருள் போட்டிருக்கிறது. மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லாருமே ஆங்கிலத்தில் அங்கிள்தானே? இது எந்த அங்கிள்? (ஆசிரியர், மேலூர்)

பதில்: தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்தவருக்கு இயல்பாக எழுகிற கேள்வி இது, விடையும் நமக்குப் பழக்கமானதாகவே இருக்கிறது. இலத்தீனில் தாயின் சகோதரருக்கு 'அவுன்குலுஸ்' என்றும், தந்தையின் சகோதரருக்கு 'பத்ரூஸ்' என்றும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. பாட்டனைக் குறிக்கும் 'அவுஸ்' என்ற சொல்லோடு சிறுமைப் பொருள் தரும் விகுதி சேர்ந்து உண்டானது முதற்பெயர். 'சின்னப் பாட்டன்' என்பது அதன் நேர்ப்பொருள். அது பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்துக்கு வந்து 'அங்கிள்' ஆயிற்று. ஆகவே பிறப்பின்படி அங்கிள் என்பவர் தாய்மாமன்தான். பழைய ஆங்கிலத்திலும் தாய்மாமனுக்கு ஒரு சொல்லும், தந்தையின் உடன்பிறந்தவருக்கு வேறொரு சொல்லும் வழங்கின. பிரெஞ்சிலிருந்து வந்த ஒற்றைச் சொல் இரண்டையும் ஒதுக்கிவிட்டது. 'ஆன்ட்' கதையும் இதுவே. தந்தையின் சகோதரியைக் குறித்த 'அமிதா' என்ற இலத்தீன் சொல்லே அப்படித் திரிந்தது. ஆக, ஆன்ட் என்பவர் அத்தை. சித்திக்கும் பெரியம்மாவுக்கும் உரிய 'மாதெர்தெரா' ஆங்கிலப் பேச்சுவழக்கை எட்டவே இல்லை. அதிலிருந்து ஆக்கப்பட்ட 'மாதர்டெரல்' என்ற சொல்லும் மிக அரிதாகவே எழுத்தில் வருகிறது.

பொருளுக்கு வருவோம். ரோமானியரிடையே 'பத்ரூஸ்' அதட்டலுக்கும் கண்டிப்புக்கும் பேர்போனவர். 'அவங்குலர்' என்பதோ, வயதில் மூத்த ஓர் ஆண் தம்மைவிட இளையவரிடம் காட்டுகிற கனிவைக் குறிக்கிறது. அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனின் தோளில் கை வைத்து 'மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம், தம்பி' என்று சொல்கிற மூத்த எழுத்தரின் குரல் அவங்குலர் குரல். மானிடவியலாரோ தாய்மாமன் என்ற பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறார்கள். தாய்மாமனுக்கும் மருமக்களுக்கும் இடையே உள்ள சிறப்பு உறவை அவர்கள் 'அவங்குலேட்' என்பார்கள். காதுகுத்துக்குக் குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் உரிமை யாருக்கு என்று அறிந்த நம் மாணவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேறு எடுத்துக்காட்டே தேவையில்லை.

கேள்வி: ஆங்கிலத்திலேயே மிக நீளமான சொல் எது? (எட்டாம் வகுப்பு மாணவர், பெரம்பலூர்)

பதில்: தம்பி, பெரிய ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றவற்றுள் மிக நீளமானது 45 எழுத்துகள் கொண்ட 'நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ்'. நுண்ணிய சிலிகாத் தூசியை மூச்சோடு இழுப்பதால் வரும் நுரையீரல் நோய் என்பது பொருள். மிக நீளமான சொல்லாக இருக்க வேண்டும் என்பதற்காகவே 1935ஆம் ஆண்டில் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கம் ஒன்றில் இதை உருவாக்கினார்கள். மருத்துவர்கள் இதைச் சொல்வதில்லை. அவர்கள் சொல்வது 'சிலிகோசிஸ்'. கல்லுடைக்கும் இடங்களிலும் கிரஷர்களிலும் வேலை பார்ப்பவர்களைப் பீடிக்கும் உண்மையான நோய் அது. நீளமான சொல்லை ஒரு முறை சொல்லி மகிழ்ந்துவிட்டு, இந்தச் சிறிய சொல்லை நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

கேள்வி: முதல் மழை விழுந்ததும் மண்ணிலிருந்து எழும் மணத்துக்கு ஆங்கிலத்தில் சொல் உண்டா? (விவசாயி, பாபநாசம்)

பதில்: உண்டு, ஐயா. 'பெட்ரிகோர்' என்பது அந்தச் சொல். கடைசி அசையைச் 'சோர்' என்று சிலர் படிக்கிறார்கள். 'கோர்' என்பதே சரி. ஆஸ்திரேலிய அறிவியலாளர்களான இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் ஆகிய இருவரும் 1964ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையில் இதைப் படைத்தார்கள். கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் கல். 'இகோர்' என்பது கிரேக்கப் புராணங்களில் தெய்வங்களின் நாளங்களில் ஓடுவதாகச் சொல்லப்படும் திரவம். வறண்ட நாட்களில் செடிகொடிகளிலிருந்து வெளிப்படும் எண்ணெய்ப் பொருள்களை மண்ணும் பாறையும் ஈர்த்து வைத்திருந்து, ஈரம் பட்டதும் அவற்றைக் காற்றில் விடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிரிகள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்னும் வேதிப்பொருளும் அந்த மணத்தில் சேர்ந்திருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் உள்ள கன்னோசியின் அத்தர்த் தொழிலாளர்கள், சுட்ட களிமண்ணைத் தண்ணீரோடு பானையில் இட்டுக் காய்ச்சி வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி இதே மணத்தைக் குப்பியில் அடைத்து வருகிறார்கள்.

நம்மிடம் 'மண்வாசனை' என்ற சொல் எப்போதிருந்தோ இருக்கிறது. அதை நாம் இன்னொரு பொருளிலும் வழங்குகிறோம். ஒரு கதையில் மண்வாசனை வீசுகிறது என்றால் அந்த ஊரின் பேச்சும் வாழ்வும் அதில் இருக்கின்றன என்று பொருள். 'பெட்ரிகோர்' அந்தப் பொருளைச் சுமக்காது. தமிழ்க் கதையை ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்துகிறவர்கள் அந்த இடத்தில் இச்சொல்லைப் போட்டுவிடக் கூடாது.

கேள்வி: 'கேஷ்' என்ற சொல் நம் 'காசு' என்பதிலிருந்தும், 'ரைஸ்' என்பது 'அரிசி'யிலிருந்தும் வந்தவை என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? (இல்லத்தரசி, பாளையங்கோட்டை)

பதில்: முதலாவது செய்தி பாதி மட்டுமே உண்மை. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழியாக வந்தது; அதற்கும் நம் காசுக்கும் உறவு இல்லை. ஆனால் இந்தியாவிலும் சீனாவிலும் வழங்கிய சிறு செம்பு நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற மற்றொரு சொல் ஆங்கில அகராதியில் தனியே இருக்கிறது. அது நம் காசுதான், போர்ச்சுகீசியர் வாய்வழி சென்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு பகோடா (வராகன் என்னும் பொன் நாணயம்). அரிசியைப் பற்றி ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை.

ஐயமின்றி நம்முடையவை வேறு பல உள்ளன: சுருட்டு 'செரூட்' ஆயிற்று, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று, மாணிக்கமும் நீலமும் எந்தக் கனிம வகையைச் சேர்ந்தவையோ அந்தக் 'கொரண்டம்' நம் குருந்தம். 'கட்டமரான்' இன்று ஆங்கிலத்தில் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. கயிற்றால் பிணைத்த மரங்களில் கடலுக்குப் போன நம் மீனவர்களின் கட்டுமரம் அந்தப் பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இத்தகைய சொற்களைத் திரட்டியவர்கள் ஹென்றி யூல், ஏ. சி. பர்னெல் ஆகிய இருவர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அந்த அகராதி 1886ஆம் ஆண்டில் வெளிவந்தபோது அதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

கேள்வி: வேலைக்கான விண்ணப்பத்தில் 'என்னிடம் திறமைகளின் ஃபராகோ இருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். இத்தகைய சொற்கள் நல்ல மதிப்பை உண்டாக்கும் அல்லவா? (வாசகர், திருப்பூர்)

பதில்: அந்த வரியை உடனே மாற்றிவிடுங்கள். 2017ஆம் ஆண்டில் சசி தரூர் ட்விட்டரில் இச்சொல்லை எழுதியபோது நாடெங்கும் பலர் அகராதியைப் புரட்டினார்கள். தம்மைப் பற்றி வந்த செய்திகளை மறுத்துக் கண்டிப்பதற்காகவே அவர் இதை எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது. இலத்தீனில் 'ஃபராகோ' என்பது மாட்டுக்குப் பல தானியங்களைக் கலந்து வைக்கும் தீவனம். ஆங்கிலத்தில் அது முறையின்றிக் கொட்டிக் கலந்த குழப்பத்தைக் குறிக்கும். எப்போதும் பழிப்பாகவே வரும். 'திறமைகளின் ஃபராகோ' என்று படிக்கிற அதிகாரி, உங்கள் திறமைகள் குழம்பிக் கிடக்கின்றன என்று நீங்களே ஒப்புக்கொள்வதாகத்தான் எடுத்துக்கொள்வார். ஓர் அரிய சொல்லின் பொருளை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் நேரும் தவறு இது. அது எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது, புகழ்ச்சியில் வருகிறதா இகழ்ச்சியில் வருகிறதா என்பதை அகராதி தரும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் பார்த்த பிறகே அதை எழுத்தில் ஆள வேண்டும். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்கு, சரக்கு இருப்பு, வெளிநாட்டு வாடிக்கையாளருடன் கடிதத் தொடர்பு ஆகிய மூன்றையும் கவனித்ததாக அதே கடிதத்தில் தெரிவித்திருக்கிறீர்கள். அந்த மூன்றையும், ஒவ்வொன்றையும் எத்தனை ஆண்டுகள் பார்த்தீர்கள் என்பதையும் எளிய ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்களாக எழுதி, நீக்கிய வரியின் இடத்தில் வைத்து அனுப்புங்கள்.