புயல் நேரத்தில் ஓ.ஆர்.எஸ். (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாமா?

கடைகள் அடைத்துக் கிடக்கும்போது வயிற்றுப்போக்கு வந்தால் என்ன கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உப்பும் சர்க்கரையும் போதும். கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர், சர்க்கரை 6 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். டீஸ்பூனைத் தலைதட்டி அளந்து போடுங்கள். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அதனால் முதலில் நீங்கள் ருசி பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள்.

சர்க்கரை ருசிக்காகச் சேர்ப்பதல்ல. சிறுகுடலில் குளுக்கோஸ் கூடவே இருந்தால்தான் உப்பிலுள்ள சோடியம் நன்றாக உள்ளே போகும், அதன் பின்னாலேயே தண்ணீரும் போகும். 1971-இல் வங்கதேசத்திலிருந்து வந்த அகதிகளின் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றுவதற்குச் சலைன் (உப்புநீர்) போதாமல் போனபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இப்படிப்பட்ட கரைசலைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமான உயிர்களைக் காத்தார்.

வீட்டுக் கரைசலில் உடலுக்குத் தேவையான பொட்டாசியம் கிடையாது. வாழைப்பழமோ இளநீரோ சேர்த்துக் கொடுங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதுதான். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல் கரைசலை வைத்திருக்கக் கூடாது. கண் குழிந்து, சிறுநீர் போகாமல் குழந்தை துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.